நாள்பட்ட நோயாளிகளுக்கான இணையவழி உடல்–மனப் பயிற்சிகள்: சேருவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

பிச்சிச்சரம் (தோவாளை)

அனைவருக்கும் வணக்கம். என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, சில ஆண்டுகளாக முடக்குவாதம் (மூட்டுகள் அழற்சியால் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அளவு முன்பைவிடக் குறைந்திருப்பதாக மருத்துவரும் சொல்கிறார். ஆனாலும் ஆள் பழைய ஆளாக இல்லை. சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுத்துப் பழகிய கை அவருடையது. இப்போது நாரை விரலிடுக்கில் பிடித்து ஒரு முடிச்சுப் போடுவதற்குள் நான்கைந்து பிச்சி மொட்டுகள் மடியில் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது, உறக்கமும் சரியில்லை.

நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கென்றே கைபேசி வழியாக நடத்தப்படும் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மூச்சுப் பயிற்சி, நாற்காலியில் அமர்ந்து செய்யும் எளிய அசைவுகள், தியானம், வாரம் ஒருமுறை குழுவாகப் பேசுதல் ஆகியவை உண்டாம். கட்டணமும் உண்டு. யூடியூபில் சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்கிறார் என் கணவர். மனநோயாளி என்று ஊரில் பேர் வந்துவிடும் என்கிறார் நாத்தனார். இவற்றால் உண்மையாகவே பயன் உண்டா, சேருவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி (நாகர்கோவில்)

மகளே, கட்டணத்தை யோசிப்பதற்கு முன் அத்தையை ஒருமுறை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இந்தச் சோர்வுக்கு உடலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதுவே உறக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையும் ஏற்றி இறக்கும். ரத்தச்சோகையும் தைராய்டு குறைபாடும் இதே முகத்தைத்தான் காட்டும். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்து களைப்பும் மறதியும் வருவதுண்டு. ஒரு குப்பி ரத்தத்தில் தெரிந்துவிடக்கூடியதை மனத்தின் மேல் ஏற்றிவிட்டு, எட்டு வாரம் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இனி, பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று விற்கப்படும் எட்டு வாரத் திட்டங்களில் பெரும்பாலானவை, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய கவனப் பயிற்சியின் (மைண்ட்ஃபுல்னெஸ்) வழியில் வந்தவை. மருந்துக்கும் முழுதாகக் கட்டுப்படாத வலியோடு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தவர்களுக்காகவே அது ஏற்பட்டது. அலுவலகக் களைப்பைப் போக்கும் சரக்காக அது மாறியதெல்லாம் பிற்பாடு. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரக் குழு அமர்வு, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் அமர்வு என்பது அதன் மூல வடிவம். தசைகளை வரிசையாக இறுக்கித் தளர்த்தும் முறை அதைவிடப் பழையது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே அதை வகுத்துவிட்டார்.

சான்று என்று பார்த்தால், 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். நாள்பட்ட முதுகுவலியுள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த எட்டு வாரப் பயிற்சியையும், இன்னொன்றுக்கு எண்ணங்களைச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையையும் கொடுத்து, மூன்றாவது பிரிவினரை வழக்கமான சிகிச்சையிலேயே விட்டார்கள். 26 வாரம் கழித்துப் பார்த்தபோது அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 60.5, இரண்டாவதில் 57.7, மூன்றாவதில் 44.1. அதாவது பயிற்சி இல்லாமலேயே நூற்றில் நாற்பத்து நான்கு பேர் தேறியிருக்கிறார்கள்; பயிற்சி அதற்கு மேல் ஒரு பதினாறு பேரைச் சேர்த்திருக்கிறது. இது சிறிய விஷயமல்ல, அற்புதமும் அல்ல. எட்டு அமர்வுகளில் ஆறுக்காவது வந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் என்பதையும், அது நேரில் நடந்த பயிற்சியே தவிர இணையவழி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூட்டு அழற்சி குறையும், மாத்திரையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். நோயைச் சுமக்கும் மனத்துக்குத்தான் இந்தப் பயிற்சி; நோய்க்கு மருந்து மருந்துதான்.

குழித்துறைக்காரன்

செவிலியம்மாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வில் நடக்கும் பயிற்சி வேறு, நம் கைபேசிக்கு வந்து சேரும் பயிற்சி வேறு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பெருங்குடல் அழற்சி. மாதக்கணக்கில் அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பினால் ஒரு நாளில் எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடுகிறேன் என்று எண்ண முடியாது. காசு கட்டி ஒரு செயலியில் சேர்ந்தேன். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இரவில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டால் உறக்கம் வந்தது. பிறகு நோய் கிளம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் ஒரு செய்தி வருகிறது: நாள் தவறாமல் செய்துவந்த உங்கள் தொடர் அறுந்துவிட்டது, இன்றே மீண்டும் தொடங்குங்கள் என்று, கீழே அழுகிற முகத்தோடு. மறுநாள் இன்னொன்று: மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று. அன்றைக்கு எனக்குக் குறைந்துபோயிருந்தது மன உறுதியல்ல, ரத்தம்.

பிறகு நோயாளிகளே சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய குழுவில் சேர்ந்தேன். அங்கும் இதே மூச்சு, இதே தளர்த்தல்தான். ஆனால் ஓர் அமர்வுக்கு வராவிட்டால் ஒருவர் தொலைபேசியில் அழைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். படுத்தபடி செய்யக்கூடிய ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்றைத் தனியாக அனுப்புவார். அதையும் செய்ய முடியாவிட்டால் கேட்டால் போதும் என்பார். எனவே தோவாளைச் சகோதரி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: என்னென்ன சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்காதீர்கள், அது எல்லா இடத்திலும் ஒன்றுதான். நோய் கூடிய நாளில் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். நாள்பட்ட நோயாளிக்கு அந்த நாள் வந்தே தீரும். அதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால் அந்தப் பயிற்சி நல்ல உடம்புக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது, நம் பெயரை மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஓய்வுபெற்ற செவிலி (நாகர்கோவில்)

குழித்துறைத் தம்பி சொல்வதற்குச் சான்றும் உண்டு. இணையவழிக் கவனப் பயிற்சிகளைப் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மன அழுத்தத்தைக் குறைப்பதில் நடுத்தரமான பலன், மனச்சோர்விலும் பதற்றத்திலும் சிறிய பலன் என்று கண்டார்கள். பயிற்சியைத் தனியாகச் செய்தவர்களைவிட, ஒரு வழிகாட்டி தொடர்பில் இருந்தவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறைந்திருந்தது. யூடியூபில் இல்லாதது எது என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு இதுவே விடை. காணொளி இலவசம், காசு கொடுப்பதாக இருந்தால் அந்த வழிகாட்டிக்காகக் கொடுங்கள்.

பிசியோ (மார்த்தாண்டம்)

நான் இயன்முறை மருத்துவர். மனத்தைப் பற்றிப் பேசுவது என் துறையல்ல. ஆனால் இந்தப் பயிற்சிகளில் உடலும் இருக்கிறது, அதைப் பெரும்பாலான திட்டங்கள் பொதுவான உடலாகவே நினைத்துக்கொள்கின்றன.

முதலில் நேரம். யோகா என்றாலே விடியற்காலை ஐந்தரை மணி என்று வைத்துவிடுகிறார்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு எழுந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேலும் மூட்டுகள் விறைத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் குழுவோடு சேர்ந்து கையைத் தூக்கச் சொன்னால் அத்தைக்கு முதல் நாளிலேயே தோல்வியுணர்வுதான் மிஞ்சும். முற்பகலிலோ மாலையிலோ அமர்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது கழுத்து. நெடுநாள் முடக்குவாதத்தில், கழுத்தின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார் தளர்ந்துபோவதுண்டு. வெளியே தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கழுத்தை வட்டமாகச் சுழற்றுவதும், தாடையை நெஞ்சில் படும்படி அழுத்துவதும், தலைகீழ் ஆசனங்களும் தண்டுவடத்துக்கே ஆபத்தாக முடியலாம். "எல்லோரும் மெதுவாகக் கழுத்தைச் சுற்றுங்கள்" என்று பதிவு செய்யப்பட்ட குரல் சொல்லும்போது அதற்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. கழுத்து வலி, கை மரத்தல், நடையில் தடுமாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் எக்ஸ்ரே பற்றிக் கேட்காமல் கழுத்துப் பயிற்சி எதையும் தொட வேண்டாம்.

இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பெரும்பாலும் "கை முட்டியை முடிந்தவரை இறுக்கிப் பிடியுங்கள்" என்றுதான் தொடங்கும். வீங்கிய விரலுக்கு அது வேண்டாத வேலை. பாதத்தைத் தரையில் அழுத்தி விடலாம், தோளை லேசாக உயர்த்தி இறக்கலாம். கையைப் பொறுத்தவரை இறுக்காமலே தளர்த்துவதாக எண்ணினால் போதும்.

மற்ற நோய்களுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு உண்டு. சர்க்கரையால் விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பவர்களும் கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் தலையைக் கீழே தொங்கவிடும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்கி முக்குவது இதய நோயாளிக்கு ஆகாது. நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரிடம் மூச்சை மட்டுமே கவனியுங்கள் என்று சொன்னால், ஏற்கெனவே மூச்சு போதவில்லை என்ற பயத்தில் இருப்பவருக்குப் பயம் கூடிவிடும். அவருக்குப் பாதங்கள் தரையில் படும் உணர்வையோ வெளியே கேட்கும் ஒலியையோ கவனிக்கச் சொல்வது நல்லது. சேரும்போது நிரப்பும் படிவத்தில் நோயின் பெயரையும் மாத்திரைகளையும் கேட்காத எந்தத் திட்டத்திலும் என் நோயாளிகளைச் சேர நான் சொல்வதில்லை.

அலைவாய் (கடியபட்டணம்)

பிசியோ சார் சொன்னவற்றோடு சர்க்கரைக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இன்சுலின் போடுகிறவன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் அது பதற்றம், மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள் என்று ஓர் இணைய வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். எனவே எங்களைப் போன்றவர்கள் முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவு சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம். இதை வகுப்பு நடத்துகிறவர் தாமே சொன்னால் அவருக்கு நோயாளிகளைத் தெரியும் என்று நம்பலாம்.

சர்க்கரைக்காரர்களின் மனக்கஷ்டம் எல்லாமே மனச்சோர்வு நோய் என்றும் ஆகாது. மரச்சீனியும் மீன்கறியும் முன்னால் இருக்கும்போது கை நீட்டுவதா வேண்டாமா என்று வேளாவேளைக்குக் கணக்குப் பார்க்கும் அலுப்பு இருக்கிறதே, அதை அளப்பதற்கென்றே 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் 1995இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இந்த அலுப்புக்கு மாத்திரையைவிட, அதே அலுப்பில் இருக்கும் நாலு பேரோடு பேசுவது எனக்குப் பயன்பட்டது.

கடற்கரைக்காரர்கள் பலர் கேட்பதால் சமயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தியானமும் மந்திரமும் நம் விசுவாசத்துக்கு விரோதம் ஆகாதா என்று எங்கள் ஊரில் மூத்தவர்கள் தயங்குகிறார்கள். 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 23 ஆரோக்கியமான பெரியவர்களை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தும், திபெத்திய மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தும் அளந்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதனோடு ஒத்திசைந்தது. உடம்பு கேட்பது அந்த நிதானத்தைத்தான். செபமாலையோடு அது வருமென்றால் செபமாலையோடு செய்யட்டும். மந்திரம் கட்டாயம் என்று சொல்லும் வகுப்பை விட்டுவிடட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் செயலிகள் பலவற்றில் அலையோசையைத்தான் பின்னணியில் போடுகிறார்கள். கண்களை மூடுங்கள், நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள், அலை உங்களை நோக்கி வருகிறது என்கிறது குரல். 2004 டிசம்பரையும் 2017 ஒக்கிப் புயலையும் கண்ட கரையில் இதை யாரிடம் போட்டுக்காட்டுவது? ஒக்கியில் மகனைப் பறிகொடுத்த, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியம்மாவுக்கு இப்படி ஒன்றைக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணைத் திறந்தபடியே செய்யலாமா, ஒலியை மாற்றிக்கொள்ளலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

வேளிமலை

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் போய்விடும், சிக்னலும் போய்விடும். அமர்வைப் பதிவு செய்து, இறக்கி வைத்துக்கொள்ளும்படி தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காணொளியாக இல்லாமல் வெறும் ஒலியாகத் தந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் ஷிப்ட் (திங்கள்சந்தை)

டயாலிசிஸில் இருக்கிறேன். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பதால், படுத்திருக்கும் நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு செய்யலாமே என்று பலரும் எங்களுக்கு இந்தப் பயிற்சிகளைச் சொல்கிறார்கள். நானும் செய்கிறேன், உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்துக்கொண்டு வருவது அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பகுதியையாவது நகர்த்துகிறது. ஆனால் ஊசி குத்தியிருக்கும் கை அசையக் கூடாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் அறுவை) போட்ட கையின் மேல் எப்போதுமே பாரம் ஊன்றவும் கூடாது. இதை அறியாத வகுப்பில் "இரு கைகளையும் ஊன்றி எழுந்திருங்கள்" என்பார்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும், சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

அதைவிட ஆபத்து, பயிற்சியோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆரோக்கியக் குறிப்புகள். காலையில் எழுந்ததும் ஒரு லிட்டர் வெந்நீர் குடியுங்கள், தேநீருக்குப் பதில் இளநீர் குடியுங்கள், நேந்திரம்பழம் சாப்பிடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒன்று வரும். சிறுநீரகம் செயலிழந்தவனுக்குத் தண்ணீரே அளவுதான். இளநீரிலும் நேந்திரம்பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். தென்னைக்கு நடுவில் இருந்துகொண்டு இளநீரைத் தொடாமல் இருப்பது எப்படி என்று யாராவது பயிற்சி வைத்தால் நான் முதல் ஆளாகச் சேருவேன்.

கேள்வித்தாளைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். சேரும்போது ஒன்பது கேள்விகள் கேட்டார்கள்: உறக்கம், களைப்பு, பசி என்று. எனக்கு எல்லாவற்றிலும் மதிப்பெண் ஏறிவிட்டது. டயாலிசிஸில் இருப்பவன் களைக்காமல் என்ன செய்வான்? அதை வைத்து என்னைக் கடுமையான மனச்சோர்வு என்று வகைப்படுத்தினார்கள். இது சரியா?

ஓய்வுபெற்ற செவிலி (நாகர்கோவில்)

தம்பி, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்த ஒன்பது கேள்விப் பட்டியல் 2001இலிருந்து உலகெங்கும் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை என மொத்தம் 27 மதிப்பெண். பத்தை எட்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அது, முடிவு கட்டுவதற்கு அல்ல. உறக்கம், களைப்பு, பசி ஆகியவை நோயாலேயே கெடும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு மதிப்பெண் வீங்கிவிடும்.

முடக்குவாத நோயாளிகளைப் பற்றிய 72 ஆய்வுகளை 2013இல் தொகுத்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. இந்தப் பட்டியலால் அளந்தால் நூற்றுக்கு 38.8 பேருக்கு மனச்சோர்வு. நோய் நிர்ணய அளவுகோலின்படி பார்த்தால் பெரும் மனச்சோர்வு நோய் 16.8 பேருக்குத்தான். 1983இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே உருவாக்கிய 14 கேள்விப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதில் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, முன்பு ரசித்ததை இப்போதும் ரசிக்க முடிகிறதா என்பது போன்றவற்றைக் கேட்பார்கள். எந்தப் பட்டியலானாலும் கடைசியில் ஒருவர் நேரில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது கேள்வியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்துவிட்டால் தேவலை என்றோ தன்னை வருத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று அது கேட்கிறது. அதற்கு ஆம் என்று ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் குறித்தால், அதை யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார், பார்த்தால் என்ன செய்வார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. அப்படி எண்ணம் வருகிறவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி முதல் உதவி அல்ல. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவித் திட்டம் அது, தமிழிலேயே பேசலாம். நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. நாத்தனார் சொன்ன ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அங்கே போகாமல் இருப்பவர்களை நான் பணியில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்; முடக்குவாதத்துக்கு மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கக் கூசாதவர்கள் இந்த வரிசைக்குக் கூசுவதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

குழித்துறைக்காரன்

ஊர்ப்பேச்சை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது அம்மா. நம் மாவட்டத்தில் இரண்டு பேர் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள். குழு அமர்வில் முகத்தைக் காட்டியே ஆக வேண்டுமா, வேறு பெயரில் இருக்கலாமா, சொன்னதைப் பதிவு செய்கிறார்களா, பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் கேட்பதில் தவறில்லை. வீட்டுக்குள்ளும் இதே சிக்கல்தான். இரண்டு அறை வீட்டில் மாமியார் தன் மனக்கஷ்டத்தைச் சொல்லும்போது மருமகள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அவர் எதைச் சொல்வார்? சகோதரி தவறாக எண்ண வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே போய்விடுவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

நெறியாளர்

தங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் படமெடுத்து இங்கே பதிவிட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயரும் மருத்துவமனை எண்ணும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. குறிப்பிட்ட நிறுவனங்களுக்கான விளம்பர இணைப்பு ஒன்றும் நீக்கப்பட்டது.

பிச்சிச்சரம் (தோவாளை)

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, அதற்கு மாத்திரை எழுதியிருக்கிறார். ஸ்டீராய்டைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றாலும் கழுத்தைச் சுழற்றும் பயிற்சி வேண்டாம் என்றார். பயிற்சியில் சேருவதை அவர் தடுக்கவில்லை.

நடத்துகிறவர்களிடம் உங்கள் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். நோயின் பெயரையும் மாத்திரைகளையும் தாமாகவே கேட்டார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு குழு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர்தான். முகம் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. நோய் கூடிய நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் மறுமுனையில் இருந்த பெண் சற்று யோசித்துவிட்டு, அன்றைக்கு வராவிட்டாலும் மறுநாள் நான் அழைப்பேன், படுத்தபடி கேட்க ஒலிப்பதிவு இருக்கிறது என்றார். எழுதிவைத்துப் படித்த பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டியலின் ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்றால் என்ன செய்வீர்கள் என்பதற்கு மட்டும் அவரிடம் உடனடிப் பதில் இல்லை. அவர்களோடு இருக்கும் மருத்துவ உளவியலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பதில் வரும்வரை பணம் கட்டப் போவதில்லை.

இடையில் இலவச மாதிரி அமர்வு ஒன்றில் அத்தையை உட்கார வைத்தேன். அரிசிச் சம்புடத்தின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, குழித்துறை அண்ணாச்சி சொன்னபடி நான் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, முட்டியை இறுக்கச் சொன்னபோது பாதத்தை அழுத்தினேன் என்றார். குழுவில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருவருக்கும் இதே போல் காலையில் விரல் மடங்காதாம். அவர் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டே வானொலி கேட்பாராம். இந்தச் செய்தியை அத்தை என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். பயிற்சியைப் பற்றிக் கேட்டால் அது பரவாயில்லை என்று மட்டும் சொன்னார்.

பிசியோ சாரிடம் ஒரு சந்தேகம். வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. அதிலிருந்து எழும்பும்போது கையை ஊன்ற முடியாமல் சிரமப்படுகிறார். முக்காலியில் உட்காரலாமா?

பிசியோ (மார்த்தாண்டம்)

முக்காலி வேண்டாம், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கனமில்லாததால் எழும்போது பின்னால் நழுவும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும் உயரம் வேண்டும், நாற்காலி தாழ்வாக இருந்தால் கெட்டியான தலையணை ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். எழும்போது விரல்களை ஊன்ற வேண்டாம். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள பகுதியை நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தி எழலாம். இதை முதல் அமர்வுக்கு முன்பே இரண்டு மூன்று முறை உங்கள் கண் முன்னால் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.